மேடையில் சொல்லும் கவிதை: கேட்டவர்களுக்குப் பதில்

கே: அக்கா, வாயால் சொல்வதற்கென்றே எழுதும் கவிதையை நான் கேட்டதேயில்லை. யாரிடமிருந்து தொடங்கட்டும்?

ப: லிண்டன் குவேசி ஜான்சன். 1952-ல் ஜமைக்காவில் பிறந்து, 11 வயதில் லண்டன் வந்தவர். 1979-ல் இசைத்தட்டாக வந்த அவருடைய ‘சன்னீஸ் லெட்டா’வைக் கேளுங்கள். லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதம் அது. தம்பியைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவன். பஸ்ஸுக்கு நின்ற தம்பியைப் போலீஸ் பிடித்து அடிக்கிறது. இவன் தடுக்கப் போகிறான். ஒரு போலீஸ்காரர் இறந்துபோகிறார். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கவிதை முழுக்க அந்தத் தவிப்புதான்.

கே: தம்பியை எதற்குப் பிடித்தார்கள்?

ப: வெறும் சந்தேகம். குற்றம் செய்யும் நோக்கில் திரிகிறான் என்று போலீஸ் சொன்னாலே போதும், 1824-ம் வருடச் சட்டம் ஒன்று இடம் கொடுத்தது. அதை ‘சஸ்’ என்பார்கள், ‘சந்தேகத்துக்குரியவர்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கறுப்பினப் பையன்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். கறுப்பினத் தாய்மார்கள் விடாமல் போராடினார்கள்; 1981-ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அந்தப் பெருமையைக் கவிதைக்குக் கொடுக்க மாட்டேன், அது அந்த அம்மாக்களுடையது.

கே: உரக்கக் கத்தினால்தானே கோபம் போய்ச் சேரும்?

ப: ஜான்சன் கத்துவதே இல்லை. 1981 ஜனவரி 18 அன்று லண்டன் நியூ கிராஸில், பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டில் தீப்பிடித்து 13 இளம் உயிர்கள் போயின. அரசு வாய் திறக்கவில்லை. அதை எதிர்த்து மார்ச் 2 அன்று ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அந்தத் தீயைப் பற்றிய ஜான்சனின் கவிதை விருந்தின் ஆட்டத் தாளத்தில் துள்ளிக்கொண்டு வரும். திடீரென்று தாளம் அறுந்து, வெறும் பேச்சாகிவிடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கே: ஊர்ப்பேச்சில் எழுதினேன். கொச்சை என்கிறார்கள்.

ப: விடாதே தம்பி. ஜான்சன் எழுதுவதும் ஜமைக்காக்காரர்கள் வீட்டில் பேசும் பேச்சுதான். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டைக் கே.ஏ. குணசேகரன் குரலில் கேட்டிருப்பாய். அதை ‘மனிதர்களடா’ என்று திருத்திச் சொல்லிப் பார், உயிர் போய்விடும். எழுதியதை முதலில் உன் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டு. “நாம இப்படியா பேசுவோம்?” என்று அவர் நிறுத்தும் வரிகளை மட்டும் மாற்று.