புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் இறங்குங்கள்: டெல்டா பயணத்தில் நல்ல சாப்பாட்டுக்கு வழி

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அடுத்த மாதம் குடும்பத்துடன் காரில் நவக்கிரகக் கோயில்களுக்கு மூன்று நாள் பயணமாக வருகிறோம். மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். மாமியார் சுத்த சைவம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கடற்கரைப் பக்கம் வந்தால் மீன் சாப்பிட ஆசை. சென்ற முறை நாற்கரச் சாலையின் ஓரத்தில் கண்ணில் பட்ட பெரிய ஹோட்டல்களில் சாப்பிட்டோம். விலை அதிகம், ருசியும் இல்லை, சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வேறு வந்துவிட்டது. நல்ல இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி? ஊருக்குள் போனால் எவ்வளவு நேரம் வீணாகும்?"

கும்பகோணத்திலிருந்து கோயில் பயணங்களுக்கு வேன் அனுப்பும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் கோயில் நேரத்தைக் குறிப்பதற்கு முன்பே சாப்பாட்டு நேரத்தைக் குறித்துக்கொள்பவன் நான். ஏனென்றால், வயிறு கெட்டால் தரிசனமும் கெடும் என்பதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாற்கரச் சாலையோர ஹோட்டல்களில் ஏன் அப்படி நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஹோட்டலுக்கு வருபவர் பெரும்பாலும் ஒரே ஒரு முறை வருபவர். சாம்பார் நீர்த்திருந்தாலும் அவர் மறுநாள் வந்து கேட்கப் போவதில்லை. பேருந்துகளை நிறுத்தும் இடங்களில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு இலவசமாகக் கிடைக்கும் வழக்கம் உண்டு. பயணிக்கு அங்கே தேர்வு என்பதே இல்லை. ஆனால் ஊருக்குள், பேருந்து நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ பெரிய கோயில் ஒன்றின் சன்னதித் தெருவுக்கோ அருகில் இருக்கும் ஹோட்டலில் அதே வக்கீல் குமாஸ்தாவும் அதே ஜவுளிக்கடைச் சிப்பந்தியும் ஆண்டு முழுவதும் சாப்பிடுகிறார்கள். ரசம் ஒருநாள் சரியில்லை என்றால் கல்லாவில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கண்டிப்புதான் உங்களுக்கான பாதுகாப்பு. புறவழிச்சாலைகள் வந்தபோது இந்த ஹோட்டல்கள் இடம் மாறவில்லை. சாலைதான் அவற்றை விட்டு விலகிப் போனது. திருச்சியிலிருந்து வரும் நாற்கரச் சாலை தஞ்சாவூரை ஊருக்கு வெளியே சுற்றிச் செல்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரும் புதிய சாலையும் கும்பகோணத்தை அப்படித்தான் கடக்கிறது. அதில் சேத்தியாத்தோப்பு, சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டர் பகுதி 2025 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, பழைய சாலை எந்த ஊர்களின் நடுவே போனதோ அந்த ஊர்களுக்குள் வேளை பார்த்து இறங்குவதுதான்.

நேரம் வீணாகுமா என்று கேட்டீர்கள். போக, வர என்று கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நெடுஞ்சாலை ஹோட்டலில் இரண்டு பேருந்துகள் ஒரே சமயத்தில் வந்து நின்றால் அதே அரை மணி நேரம் வரிசையிலேயே போய்விடும்.

எங்கே சாப்பிடுவது என்பதைவிட எப்போது போய்ச் சேருவது என்பதே முக்கியம். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். டெல்டா ஊர்களின் பழைய ஹோட்டல்களில் காலை டிபன் பத்தரை மணியோடு முடியும். சாப்பாடு பதினொன்றரைக்கு மேல் தொடங்கி இரண்டரை, மூன்றுக்குள் தீர்ந்துவிடும். மாலை டிபன் நான்கு மணிக்குத் தொடங்கும். பதினொரு மணிக்கு இட்லி கேட்டாலும் மூன்றரைக்குச் சாப்பாடு கேட்டாலும், நல்ல ஹோட்டல் 'இல்லை' என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்வது குறையல்ல, மிச்சம் வைத்து விற்பதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எந்த நேரத்திலும் எல்லாமும் கிடைக்கும் இடத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். கோயில்களும் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத் திறப்பதால், நடை சாத்தியதும் எல்லாக் கூட்டமும் ஒரே சமயத்தில் ஹோட்டலுக்கு வரும். நீங்கள் பதினொன்றே முக்காலுக்கே முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டால், சோறு ஆவி பறக்க இலையில் விழும். மாமனாருக்கும் வேளை தவறாது.

கிழமையையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை திருநள்ளாற்றிலும், வியாழக்கிழமை ஆலங்குடியிலும், செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன்கோயிலிலும் கோயிலை ஒட்டிய கடைகளில் கூட்டம் நெரியும். திருநாகேஸ்வரத்தில் ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரையிலான ராகு காலப் பாலாபிஷேகத்துக்கு வருகிறவர்களால் அந்தப் பக்கத்து டிபன் கடைகள் எல்லாம் நிரம்பிவிடும். அந்த நாட்களில் கோயில் வாசலில் சாப்பிடாமல் பக்கத்துப் பெரிய ஊருக்குப் போய்விடுவது நல்லது. அலுவலகக் கூட்டத்தை நம்பி நடக்கும் மெஸ்கள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. பழைய தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி ஆகிய ஊர்களில் பிரியாணிக் கடைகள் உண்டு; வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் சற்றுப் பொறுத்துப் போக வேண்டும். புரட்டாசி மாதத்தில் அசைவ ஹோட்டல்களில் வியாபாரம் குறைவதால் இறைச்சி தங்கிப்போக வாய்ப்பு அதிகம். அந்த மாதத்தில் சிறிய கடைகளில் அசைவத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் யாரிடம் கேட்பது? லாரி நிற்கும் இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். அதை நான் முழுமையாக ஏற்பதில்லை. லாரி நிற்பது பெரும்பாலும் நிறுத்த இடம் இருப்பதால்தான். பெட்ரோல் பங்கிலோ மருந்துக்கடையிலோ "நல்ல ஹோட்டல் எது?" என்று பொதுவாகக் கேட்டால், வெளியூர்க்காரர் என்று பார்த்து ஏசி உள்ள ஹோட்டலைக் காட்டுவார்கள். "நீங்கள் மத்தியானம் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வியை அப்படி மாற்றினால் பதிலும் மாறிவிடும். கைப்பேசி வரைபடத்தில் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். இலையும் விலைப்பலகையும் இருக்கும் படம் பயன்படும். முகப்பு விளக்கும் வாகன நிறுத்தமும் மட்டுமே இருக்கும் படங்களால் பயன் இல்லை. "இரண்டரைக்குப் போனோம், கூட்டு தீர்ந்துவிட்டது" என்று யாராவது குறைபட்டு எழுதியிருந்தால், அந்தக் கடையை நான் குறித்துவைத்துக்கொள்வேன்.

உள்ளே போனதும் முதலில் கை கழுவும் இடத்தைப் பாருங்கள். அங்கே தண்ணீர் தேங்காமல், சோப்பு இருந்து, எச்சில் இலைத் தொட்டி மூடியிருந்தால் சமையலறையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு உணவகமும் 14 இலக்க எண் கொண்ட உரிமத்தையோ பதிவையோ வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்; 2022 ஜனவரி முதல் அந்த எண் பில்லிலும் இருக்க வேண்டும் என்பது விதி. எண் 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் சிறு கடைகளுக்கான பதிவு. எண் இருப்பதால் மட்டும் சமையல் சுத்தம் என்று ஆகிவிடாது. ஆனால் எண்ணே இல்லாத இடத்தில் குழந்தையை உட்கார வைக்க வேண்டாம்.

உங்கள் சின்னவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணிகளின் வயிற்றைக் கெடுப்பவற்றில், என் அனுபவத்தில், முதலிடம் தேங்காய்ச் சட்னிக்குத்தான். சமைத்ததை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை; காலையில் அரைத்த சட்னி மதியம் வரை வாளியில் இருந்தால் இரண்டும் இல்லை. ஒருமுறை நான் அழைத்துப் போன குழுவில், மாலை டிபனின்போது காலைச் சட்னியைப் பரிமாறிய ஒரு கடையால் ஐந்து பேர் இரவு முழுவதும் அவதிப்பட்டார்கள். அன்றிலிருந்து, கூட்டமில்லாத நேரத்தில் போனால் சட்னியை விலக்கிச் சாம்பாரைச் சூடாகக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரும் தோசை பாதுகாப்பானது. ஆறிய எலுமிச்சை சாதமும் புளியோதரையும் அப்படியல்ல. சாதத்தில் முளைக்கும் ஒருவகைக் கிருமியின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

மாமனார் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், உணவு தாமதமாகும்போது சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயம் உண்டு. ஆகையால் காரில் ஒரு பழமும், அவசரத்துக்குக் கொஞ்சம் சர்க்கரையும் எப்போதும் இருக்கட்டும். அவருக்கு வரம்பற்ற முழுச் சாப்பாட்டைவிட அளவுச் சாப்பாடு பொருந்தும். கூட்டையும் பொரியலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெண்களும் முதியவர்களும் நெடுஞ்சாலை ஹோட்டலையே நாடுவதற்குக் காரணம் சாப்பாடு அல்ல, கழிவறை. ஊருக்குள் இருக்கும் பழைய மெஸ்களில் சமையல் அருமையாக இருந்தாலும் கழிவறை இருக்காது, அல்லது நுழைய முடியாத நிலையில் இருக்கும். எனவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். கழிவறைக்குப் புதிய பெட்ரோல் பங்கிலோ பெரிய நெடுஞ்சாலை ஹோட்டலிலோ நிறுத்தி, வேண்டுமானால் ஒரு காபி குடித்துவிட்டு, சாப்பிட ஊருக்குள் வாருங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்த குடும்பங்கள் மறுமுறை என்னிடம் ஹோட்டல் பற்றிப் புகார் சொன்னதில்லை.

காபி என்றதும், சாலை நெடுகிலும் தொங்கும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள் நினைவுக்கு வருகின்றன. பித்தளை டவரா டம்ளர் மட்டும் டிகிரி காபி ஆகிவிடாது. தண்ணீர் கலக்காத அன்றைய பசும்பாலும், அப்போது இறங்கிய டிகாக்ஷனும் சேர்ந்தால்தான் அந்தப் பெயருக்கு நியாயம். அதைக் கும்பகோணத்துக்குள்ளேயே குடியுங்கள். அதோடு இட்லிக்குக் கடப்பா கேளுங்கள்: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து, தேங்காயும் சோம்பும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்ட, மஞ்சளும் வெண்மையுமான குழம்பு அது. எல்லா நாளும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, "இன்றைக்குக் கடப்பா உண்டா?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சூடாக, காரம் குறைவாக இருப்பதால் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

உங்கள் மூன்று நாட்களை நான் இப்படி அமைப்பேன். கோவையிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் திருச்சி, ஊருக்குள் டிபன். மாமனாருக்கு அது தாமதம் என்றால் ஏழரை அளவில் கரூரிலேயே முடித்துவிடுங்கள். தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, நடை சாத்துவதற்கு முன்பே வெளியேறிப் பழைய பேருந்து நிலையப் பக்கம் மதியச் சாப்பாடு. மூன்றரைக்குத் திருவையாறு வந்தால் பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா சூடாகக் கிடைக்கும். மாமனாருக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து திங்களூர் மிக அருகில். நடை திறந்ததும் தரிசித்துவிட்டுத் திருநாகேஸ்வரம் பார்த்து, இரவுக்குக் கும்பகோணம் வந்துவிடலாம்.

இரண்டாம் நாள் சூரியனார்கோயில், கஞ்சனூர் முடித்துக் கிழக்கே போகும்போது வழியில் எங்கேயும் நிறுத்தாமல், மதியத்துக்கு மயிலாடுதுறை ஊருக்குள் சேர்ந்துவிடுங்கள். அதற்கப்பால் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் பக்கம் உட்கார்ந்து சாப்பிடத் தக்க இடங்கள் குறைவு. இரவுச் சாப்பாட்டையும் மயிலாடுதுறைக்குத் திரும்பி வந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழுக்கு ஆலங்குடி, பத்து மணி அளவில் திருநள்ளாறு. கோயில்கள் முடிந்துவிடுவதால் மதியம் நாகப்பட்டினத்தில் மீனுக்குத் தடையில்லை. திருநள்ளாறும் காரைக்காலும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டவை. அங்கே ஹோட்டலோடு மதுக்கூடமும் இணைந்திருப்பது சாதாரணம் என்பதால் குடும்பத்தோடு நுழையும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நாகூரில் அரிசி மாவில் இறால் வைத்துப் பொரிக்கும் வாடா கிடைத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். மாமியாருக்குச் சைவமும் மற்றவர்களுக்கு அசைவமும் ஒரே கூரையின் கீழ் தேடி அலைய வேண்டாம். அவரை முதலில் சைவ ஹோட்டலில் நிம்மதியாகச் சாப்பிட வைத்துவிட்டு, மாமனாரோ கணவரோ துணையிருக்க, மற்றவர்கள் மீன் சாப்பாட்டுக்குப் போகலாம்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டுமே உள்ளூரில் புதிதாக வரும். மற்றதெல்லாம் ஐஸில் வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம். உங்கள் பயணம் அதற்குள் விழுந்தால், "இன்றைக்கு நாட்டுப்படகில் என்ன மீன் வந்தது?" என்று கேட்டு, அவர்கள் பெயர் சொல்லும் மீனை மட்டும் வாங்குங்கள், பதில் தயங்கி வந்தால் அன்று எல்லோரும் மாமியாரோடு உட்கார்ந்து சைவமே சாப்பிட்டுவிடுங்கள்.