கோப்ளின் குட்டிகளைக் கொன்ற பாலடின்

நீங்க நடத்துற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துல (ஆளுக்கொரு பாத்திரமா நடிச்சுக் கதை ஆடுற விளையாட்டு), சரணடைந்த கோப்ளின் (குட்டிப் பூதம் மாதிரி ஒரு கற்பனை இனம்) குட்டிகளைப் பாலடின் (நன்மைக்காகப் போராடுற புனித வீரன்) வெட்டிட்டார், அந்தப் பாத்திரத்தை ஆடுறவர் "தீய இனம்னு புத்தகத்துலயே போட்டிருக்கே, இதுல என்ன பாவம்?"னு மல்லுக்கு நிக்கிறார்னு எழுதியிருந்தீங்க.

அந்தப் புத்தகத்தையே திறந்து காட்டுங்க. நீங்க ஆடுற மூன்றாம் பதிப்புல கோப்ளின் "பெரும்பாலும்" தீயதுன்னுதான் இருக்கு. "எப்போதும்"ங்கிற சொல் நரகத்துப் பிசாசு மாதிரி ஆளுங்களுக்கு. வாதம் அங்கேயே பாதி போச்சு.

அடுத்து "என் கடவுள் சொன்னார்"னு வருவார், பாருங்க. இது சாக்ரடீஸ் கேட்டதா பிளேட்டோ எழுதின பழைய கேள்வி: தெய்வங்கள் விரும்புறதால ஒன்று புனிதமா, புனிதமா இருக்கிறதால விரும்புறாங்களா? நிஜ உலகத்துல இன்னும் அடிச்சுக்கிறாங்க. இந்த ஆட்டத்துல விடை கிடைச்ச மாதிரிதான். கடவுளுக்கே அலைன்மென்ட் (நல்லவரா கெட்டவரா, ஒழுங்கா குழப்பமாங்கிற குறிப்பு) எழுதியிருக்கே! அளவுகோல் அவருக்கு வெளியே இருக்கு. அவர் சொன்னாலும் தப்பு தப்புதான். (1974-ல வந்த முதல் பதிப்புல அலைன்மென்ட்ல நன்மை, தீமைன்னு ஒரு பிரிவே கிடையாது, ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் மட்டும்தான். அப்போ இந்தச் சண்டையை எப்படிப் போட்டிருப்பாங்களோ!)

ஆட்டத்தை நடத்துற நீங்க விதிப்படி அந்தப் பாலடினோட சக்தியைப் பறிக்கலாம். ஆனா முன்கூட்டி எச்சரிக்காம பறிச்சா அடுத்த வாரம் ஆள் வரமாட்டார். இழந்த சக்தியைத் திரும்பத் தர்ற பரிகார மந்திரம் இருக்குல்ல, அதைத் தேடிப் போறதையே அடுத்த கதையா வச்சிடுங்க.