சத்தமும் கூட்டமுமாக இருக்கும் இசைக்கருவிக் கடையில் வாசித்துப் பார்த்து வாங்குவது எப்படி? எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கூச்சமாக இருக்கிறது

"எல்லாரும் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருப்பதிலிருந்தே தெரிகிறது, ஒரு தடவை கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. நான் 34,000 ரூபாய் கொடுத்து ஒரு வீணையோடு திரும்பினேன்.

என்ன வாத்தியம் என்று நீங்கள் சொல்லவில்லை. கிட்டாராக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். என் கதை வீணைக் கதை. பரவாயில்லை, இரண்டிலும் தந்திதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து பிடித்துக்கொள்வார்கள். நான் கச்சேரி செய்கிறவள் இல்லை. கும்பகோணத்தில் எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை கற்றுக்கொண்டேன். நாலைந்து வர்ணம், ஒரு இருபது கீர்த்தனை. பிளஸ் டூ வந்ததும் வீணை பரணுக்குப் போனது, என் கல்யாணத்துக்கு முன்னால் யார் வீட்டுக்கோ போய்விட்டது. ஆகவே வித்வான்கள் நான் எழுதுவதில் தப்பு கண்டுபிடிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் காது விஷயத்தில் என்னிடம் யாரும் வரக்கூடாது. என் தொழிலே அதுதான். நான் ஆடியாலஜிஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களைச் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, "கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்கிற வேலை. அப்பேர்ப்பட்ட நான் ஏமாந்தேன் என்பதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல்.

நான்கு வருடம் முன்பு, சரஸ்வதி பூஜைக்கு முந்தின சனிக்கிழமை. விஜயதசமி அன்று மகளை வீணை வகுப்பில் சேர்ப்பதாக ஏற்பாடு. சென்னையில் பாதிப் பேருக்கு அதே யோசனை வந்திருக்கும் என்பது கடை வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்ததும்தான் உறைத்தது. கடையின் பெயர் வேண்டாம். அந்த வாரம் எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதே கதிதான்.

உள்ளே ஒரு பையன் கீபோர்டில் டெமோ பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அதே டிஸ்கோ தாளம், பேஸ் மட்டும் வயிற்றில் வந்து மோதுகிறது. ஒரு மூலையில் தபலா. ஷெல்ஃபில் நாலைந்து எலக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டிகள், எதையும் யாரும் அணைக்கவில்லை. ஒன்று ஒரு கட்டை ஸ்ருதியில், பக்கத்தில் இருந்தது ஐந்தரைக் கட்டையில், இரண்டும் ஒட்டவே ஒட்டாது. இதற்கு நடுவில் விற்பனைப் பையன்கள் கத்துகிறார்கள், அவர்களுக்கு மேல் வாடிக்கையாளர்கள் கத்துகிறார்கள். இதற்கு எங்கள் துறையில் லொம்பார்ட் விளைவு என்று பெயர். 1911இல் ஒரு பிரெஞ்சு காது மருத்துவர் சொன்னது: இரைச்சலில் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். ஆளுக்காள் உயர்த்தினால் இரைச்சல் இன்னும் ஏறும். கடைகளில் வாத்தியங்களுக்கும் இதே கதிதான். பக்கத்து ஆள் சத்தமாகத் தட்டினால் நாமும் ஓங்கித் தட்டுவோம்.

வீணையைத் தரையில் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும், இல்லையா? எனக்குக் கிடைத்த தரை, அட்டைப்பெட்டிகளுக்கும் டிரம் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு பாய் அகலம். சுரைக்காயை யாராவது மிதித்துவிடுவார்களோ என்று என் கணவர் கையை விரித்துக்கொண்டு காவல் நின்றார். மூன்று வீணைகளை எடுத்து வைத்தார்கள். எட்டு வருடம் வாசித்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு வர்ணம்கூட ஞாபகம் வரவில்லை. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசித்தேன், குழந்தைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்களே, அதைத்தான். எதிரே ஒரு காலேஜ் பையன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வியர்த்துவிட்டது. பார்க்கிறானே, சீக்கிரம் முடிப்போம் என்று மூன்றையும் பத்தே நிமிடத்தில் முடித்தேன். நான் எழுந்ததும் அவன் என்னைத் தாண்டி வந்து, என் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டிலிருந்து டிரம் குச்சி ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பில் போடப் போய்விட்டான். உங்கள் கூச்சத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

முதல் வீணை தகரம் மாதிரி. இரண்டாவது மெதுவாகப் பேசியது, பாதி காதிலேயே விழவில்லை. மூன்றாவதைக் கடைப்பையன் தானே நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, "பாருங்கம்மா, கணீர்னு!" என்றான். கணீரென்றுதான் இருந்தது. அதையே வாங்கினேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல், ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, பித்தளைத் தந்தி ஒன்றை வெறுமனே மீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான், அணைந்துவிட்டது. மறுபடி மீட்டினேன். மூன்று. பலகையைத் தட்டின மாதிரி.

வீணை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மீட்டில் இரண்டு பாகம் இருக்கிறது: விரல் சுண்டுகிற அந்த அடி, அதற்கப்புறம் நீளமாக ஓடுகிற கார்வை. வீணையின் ஜீவன் கார்வையில்தான். ஒரு தடவை மீட்டிவிட்டு, அதே மெட்டில் (கிட்டாரில் ஃப்ரெட் என்பார்களே, அந்தக் குறுக்குக் கம்பி) தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரம் பேச வைப்போம். கார்வை செத்துப்போன வீணையில் விரல் இழுக்கும், சத்தம் வராது. கடை இரைச்சலில் அடி மட்டும்தான் தலை நீட்டும், வால் அமுங்கிவிடும். மூன்று வீணைக்கும் ஒரே இடத்தில் வாலை வெட்டிவிட்டு, எது ஓங்கி அடிக்கிறது என்று பார்த்து நான் எடுத்திருக்கிறேன். கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு சாம்பார் ருசி சொன்ன மாதிரி.

இதில் கொடுமை என்னவென்றால், இதையே நான் தினமும் வேண்டுமென்றே செய்கிறேன். ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காது திருட்டுத்தனமாக உதவி செய்யக்கூடாது என்று அதற்கு இரைச்சல் கொடுப்போம். மாஸ்கிங் என்று பெயர். பேஸ் மாதிரித் தாழ்ந்த ஸ்ருதி ஒலிகள் உயர்ந்த ஸ்ருதி ஒலிகளை எளிதாக மூடிவிடும், மறுபக்கமாக அவ்வளவு சுலபமாக நடக்காது என்பதும் எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம். ஆக, அந்தப் பையனின் டிஸ்கோ பேஸ்தான் என் வீணையை மூடியது. படித்தது எல்லாம் கிளினிக்கோடு சரி போலிருக்கிறது.

திங்கட்கிழமை கடைக்குப் போன் செய்தேன். "புது மரம்மா, வாசிக்க வாசிக்க நாதம் வரும்" என்றார்கள். மரம் பழகினால் குணம் மாறும் என்று வாசிக்கிறவர்கள் பலரும் சொல்வதுண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று எண்ணுவதற்குள் அணைகிற வீணைக்கு அந்தப் பதில் போதாது. மாற்றித் தரமாட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது.

தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது, கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வீணையையும் எடுத்துக்கொண்டு போனேன். வீணை செய்கிற ஒரு பெரியவர். ஒரு தரம் மீட்டினார், இன்னொரு கையைக் குடத்தின் மேல் வைத்துக்கொண்டு. தந்திகளைத் தாங்குகிற குதிரையின் மேல் ஒட்டியிருக்கும் தகடு ஒரு பக்கம் சரியாகப் படியவில்லை என்றார். அப்புறம் மெட்டுகளை வரிசையாகத் தடவிப் பார்த்து, மெழுகு நாலைந்து இடத்தில் இளகி உட்கார்ந்திருக்கிறது, மேளம் திரும்பக் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளை மறுபடி நிறுத்த வேண்டும் என்றார். அங்கேயே செய்யச் சொன்னேன். "இப்ப தெருவுல வண்டி ஓடுது. காலைல ஆறு மணிக்கு வாங்க" என்றார். இருபத்துநாலு மெட்டையும் கரி கலந்த மெழுகில் ஒவ்வொன்றாக நிறுத்தி, காதால் இடம் பார்க்கிற வேலைக்கு அவர் தேர்ந்தெடுத்த நேரம் அது. நான் இருபத்துநாலு மெட்டையும் வாங்குவதற்குத் தேர்ந்தெடுத்த நேரத்தையும் நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு 6,000 ரூபாய். இப்போது ஏழு எட்டு வரைக்கும் எண்ணலாம். நல்ல வீணைதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் கடையில் மெதுவாகப் பேசிய அந்த இரண்டாவது வீணை யார் வீட்டில் இருக்கிறதோ என்று சில ராத்திரி தோன்றும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மகனுக்குக் கிட்டார் வாங்கப் போனேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கடையில் எங்களையும் சேர்த்து நாலு பேர். அப்படியும் ஒருவர் ஆம்ப்ளிஃபையரைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தார். ஸ்ருதி சரியாக இருக்கிறதா என்று முள்ளால் காட்டுகிற கிளிப் டியூனர் ஒன்று கொண்டுபோயிருந்தேன். மைக் உள்ள போன் ஆப் கடை இரைச்சலையெல்லாம் சேர்த்துக் கேட்டு உளறும். கிளிப் டியூனர் அப்படியில்லை, கிட்டாரின் தலைப்பகுதியைக் கவ்விக்கொண்டு மரத்தின் அதிர்வைத்தான் படிக்கும். தந்தியை வெறுமனே மீட்டி ஸ்ருதி சரிசெய்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். அது தந்தியின் பாதி, அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரவேண்டும். முள் கணிசமாக விலகினால் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். வீணையிலும் பன்னிரண்டாவது மெட்டு அதேதான். ஆனால் வீணையில் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம், கிட்டாரில் ஃப்ரெட்டை மரத்துக்குள் அடித்து இறக்கியிருப்பார்கள்.

கார்வைக்கு மட்டும் காதைவிட நல்ல வழி ஒன்று என் மேஜையிலேயே இருந்தது. கிளினிக்கில் 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி, காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பில் வைப்போம். ஒலி எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகும். அதையே செய்தேன். மகனை மீட்டச் சொல்லிவிட்டு, இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, அந்த எலும்பைக் கிட்டாரின் மேல் விளிம்பில் சாய்த்து வைத்தேன். காதை அடைத்தால் வெளி இரைச்சல் குறையும், எலும்பு வழியாக வருகிற தாழ்ந்த ஸ்ருதி ஒலி இன்னும் பலமாகக் கேட்கும். கடையே காணாமல் போய்விட்டது, தந்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணினேன். மூன்று கிட்டாரையும் அப்படியே. எல்லாவற்றிலும் அதே தந்தி, அதே இடத்தில் அதே அளவு சுண்டல். கடைப்பெண் ஓடிவந்து, "மேடம், தலை சுத்துதா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். மகன் அடுத்த வரிசைக்குப் போய் எனக்குச் சம்பந்தமில்லாதவன் மாதிரி நின்றுகொண்டான். நாங்கள் வாங்கியது மூன்றில் சத்தம் குறைந்தது.

இதெல்லாம் ஓவர், பழகுகிறவனுக்கு எது வாங்கினாலும் போதும் என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். பழகுகிறவனுக்குத்தான் நல்ல வாத்தியம் வேண்டும் என்பது என் கட்சி. தெரிந்தவர் மட்டமான வாத்தியத்தையும் சமாளிப்பார். குழந்தை தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். என் மகள் அந்த ஒரு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லாமல் விடமாட்டேன். எங்கள் அப்பார்ட்மெண்ட் சங்கத்திலிருந்து போன மார்ச்சில் ஒரு கடிதம்: "தங்கள் இல்லத்திலிருந்து மாலை நேரத்தில் எழும் வாத்திய ஓசை குறித்து." வீணையாம்! கடைக்குள் நான்கு அடி தூரத்தில் எனக்கே கேட்காத வாத்தியம், கதவைச் சாத்தியபிறகு மூன்றாவது மாடியில் ஒருவருக்குத் தலைவலி கொடுக்கிறது. அதே மூன்றாவது மாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டிரில்லிங் மெஷின் வைத்து பாத்ரூம் டைல்ஸ் பெயர்க்கிறார், இது இரண்டாவது வருடம். அதற்குக் கடிதம் கிடையாது, அவர் சங்கத்தின் பொருளாளர். பிள்ளையார் சதுர்த்திக்கு மொட்டை மாடியில் நாலு ஸ்பீக்கர் வைத்தார்கள். ஒலி அளக்கிற மீட்டர் என் பையிலேயே இருந்தது, எடுத்துக் காட்டலாம் என்று போனேன். கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கிளிப் டியூனரை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிப்போய், அவர் மீட்ட, நீங்கள் பத்தடி தள்ளி நின்றும் ஒரு தடவை கேளுங்கள். விஜயதசமி வாரத்தில் மட்டும் தயவுசெய்து போகவே போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் உட்கார இடமில்லையே என்று அட்டைப்பெட்டி மேல் மட்டும் உட்காராதீர்கள். என் கணவர் உட்கார்ந்த பெட்டிக்குள் ஹார்மோனியம் இருந்தது.