மூடியைத் திறந்தது யார்?

கேள்வி: வணக்கம் ஐயா. அப்பா வாங்கிய 1986 மாடல் பத்மினி காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் கோத்தகிரியில் தங்கச்சிக்கு வளைகாப்பு. அம்மா, மனைவி, பெரியம்மா, வளையல் பெட்டி, சாதத் தூக்குகள் எல்லாம் வண்டியில். மேட்டுப்பாளையத்தில் டேங்கை வாய் வரை நிரப்பிக்கொண்டு ஏறினோம். குஞ்சப்பனை தாண்டியதும் முக்கி முக்கி நின்றுவிட்டது. தங்கச்சி மாப்பிள்ளை பைக்கில் இறங்கி வந்தார். ஏர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிட்டது என்று சொல்லி, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினார். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று டேங்க் மூடியைத் திறந்தும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. ஏழெட்டு கிலோமீட்டரில் மறுபடி அதே கதை, அதே வைத்தியம். போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. எங்கள் மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார், மாமா வண்டியையே மாற்றச் சொல்கிறார். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: தம்பி, கார்புரேட்டரைத் தொட வேண்டாம். மாமா சொன்னதைக் காதிலேயே வாங்க வேண்டாம்.

போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மாப்பிள்ளை டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார் என்று. இரண்டு தடவையும் ‘அதே வைத்தியம்’ என்றால் இரண்டு தடவையும் மூடி திறந்திருக்கிறது. பேர் ஈரத்துணிக்குப் போய்விட்டது, வேலை செய்தது மூடி என்பது என் கணக்கு.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் விட்டு விட்டுத்தான் கொட்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக வரும். டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான வழி மூடியில் இருக்கும், அல்லது டேங்கிலிருந்து தனியாக ஒரு சின்னக் குழாய் வரும். துருவோ, மண்ணோ, குளவிக் கூடோ அதை அடைத்துவிட்டால் பம்ப் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துத் தோற்றுவிடும்.

ஊருக்குள் ஏன் தெரியவில்லை? அங்கே ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டுவீர்கள். டேங்கில் முக்கால்வாசி காற்று. ஒரு லிட்டர் குறைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்கோ வாய் வரை பெட்ரோல், மேலே இத்துனூண்டு காற்று. மலையேறும்போது வண்டி குடிக்கிற வேகமும் அதிகம். அந்தக் கொஞ்சக் காற்று சீக்கிரம் இளைத்துப்போகும்.

நான் இதைப் படித்த விதம் கேவலமானது. 1994-இல் குன்னூரிலிருந்து மஞ்சூருக்கு, மாமியார் வீட்டுக்கு அம்பாசடரில் போனோம். கைகாட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. மஞ்சு (மூடுபனி) இறங்கி, பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. நானும் ஏர் லாக் என்றுதான் சொன்னேன். மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டே, “இந்தக் குளிரில் பெட்ரோல் எங்கே கொதிக்குது?” என்றாள். பதில் சொல்லாமல் பம்ப்பைக் கழற்றினேன், மாட்டினேன். கடைசியில் வேறெதற்கோ பின்பக்கம் போய் மூடியைத் திருகியபோது ‘உஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. முந்தின வாரம் பழைய மூடி தொலைந்துபோய், ஏதோ ஒரு வண்டியின் மூடியை வாங்கி மாட்டியிருந்தேன். அதில் காற்று போகத் துளையே இல்லை. அவரைக்கொட்டைக் குழம்பு ஆறிப்போயிருந்தது. மாமியார் ஒன்றும் கேட்கவில்லை, மச்சான்கள்தான் விடவில்லை.

ஏர் லாக் கட்டுக்கதை என்று சொல்லவில்லை. ஏப்ரல், மே வெயிலில் கல்லாறு ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்தால், எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி நிற்கத்தான் செய்யும். ஊட்டி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்; அதனால் கொதிப்பதும் சுலபம். அதற்கு ஈரத்துணி சரி. ஆனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் பின்பக்கம் போங்கள். மூடியை மெதுவாகத் திருகி, வாயருகே ஒரு துண்டுப் பேப்பரைப் பிடியுங்கள். பேப்பர் உள்ளே இழுபட்டால் காற்றுவழி அடைப்பு. வெளியே தள்ளி, குப்பென்று வாசனை வந்தால் அது வெறும் ஆவி. பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது.

அடைப்புதான் என்றால், வீடு போய்ச் சேரும் வரை நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி மூடியைத் திறந்து மூடுங்கள். தளர்த்தி வைத்து ஓட்டாதீர்கள். நிறைந்த டேங்க் கொண்டை ஊசி வளைவில் சிந்தும்.

மூடியும் குழாயும் சுத்தம் என்று தெரிந்தால் அடுத்தது டேங்க் அடியில் இருக்கும் துரு. அப்புறம் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்கிற சவ்வு கிழிந்திருக்கிறது, வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை என் பழைய வண்டிக்குப் போடலாமா?
– வாசகி, அரவேணு

பதில்: பங்க்கில் கிடைப்பதைத்தான் போட்டாக வேண்டும். ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள் அம்மா. பழைய ரப்பர் ஊறி, விரிசல் விடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அரவேணு மஞ்சில் கேட்கவே வேண்டாம். மாசக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தாமல் வாரம் ஒரு தடவை சந்தைக்காவது எடுத்துப் போங்கள்.