மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

"வருஷத்துக்கு 6,000 கி.மீ.தான் ஓட்டுகிறேன், 10,000 ஆகும் வரை சர்வீஸைத் தள்ளிப்போடலாமா? தேவைப்படும்போது வண்டியே அறிகுறி காட்டாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், இதில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

பெங்களூருவில் ஓட்டுகிறவர்களுக்கு அதுவே தாமதம் என்பேன். நான் தினமும் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகிறவன். வழியில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நிற்கும்போது மீட்டர் நகராது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியின் திரையில் சராசரி வேகம் காட்டினால் அதைப் பாருங்கள். என் வண்டியில் மணிக்கு 20 கி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். அந்த வேகத்தில் 10,000 கி.மீ. போக எஞ்சின் 500 மணி நேரம் உழைக்க வேண்டும். ஹைவேயில் 60-ல் போகிறவருக்கு அதே தூரத்துக்கு சுமார் 167 மணி நேரம் போதும். இரண்டு வண்டியிலும் ஆயில் ஒரே அளவா கெட்டிருக்கும்? வண்டியோடு வந்த கையேட்டில் நெரிசல், தூசி, குறுகிய தூர ஓட்டம் ஆகியவற்றுக்கு என்று தனிக் குறிப்பு இருந்தால், நமக்குப் பொருந்துவது அதுதான்.

அறிகுறிகளில் நம் ஊரில் முதலில் தெரிவது கிளட்ச். ரிங் ரோட்டில் ஹாஃப் கிளட்ச்சிலேயே, அதாவது கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே, ஊர்ந்தால் அது தேயாமல் வேறென்ன செய்யும்? பெடல் முன்பைவிட மேலே வந்து பிடிக்கிறதா என்று கவனியுங்கள். ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கருகல் வாசனையும் வரும்.

பிரேக்கில் மழை பெய்த மறுநாள் காலை வரும் லேசான சத்தம் டிஸ்க்கில் படிந்த துருவால். நாலு தடவை பிரேக் போட்டால் போய்விடும், பயப்பட வேண்டாம். தினமும் கிரீச்சிட்டால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கரகரவென்று உரசினால் டிஸ்க்கே அரைபடுகிறது, அன்றே மெக்கானிக்கிடம் போங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆக இழுத்தால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏசியில் காற்று குறைந்தால், கேஸ் நிரப்பக் காசு கொடுக்கும் முன் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கட்டுமான வேலை நடக்கும் சாலைகளின் தூசி முழுக்க அதில்தான் இருக்கும்.

அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை என்று பொருள். ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். "வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் எஞ்சினே போய்விடலாம்.

ஆனால் எந்த அறிகுறியும் காட்டாமல் கெடுவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால்தான் பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி பெடல் பொதுக்கென்று உள்ளே போகலாம். அங்கே லோ கியரில் இறங்குங்கள். பழைய சர்வீஸ் பில்களை எடுத்து பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று தேடுங்கள். எதிலும் இல்லையென்றால் அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.