"பேப்பர்லயே அப்படித்தானே போடறாங்க?"

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் கணவர் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் (கரண்ட் தையல் மெஷின்கள் போட்ட தையல் கூடம்) நடத்துகிறார். அவரிடம் இருக்கும் டைலர்களில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு ஒடிசா குடும்பம்தான். சமீபத்தில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஏதோ பேச்சு வந்து, பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், "இந்த வடக்கனுங்க வந்ததிலிருந்துதான் ஊரே கெட்டுப்போச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். அந்த வீட்டுக் குழந்தை இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகத் தமிழ் பேசுவாள். கேட்டதை அப்படியே அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அந்தப் பெண் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மகனைக் கண்டித்தால், "பேப்பர்லயே அப்படித்தானே போடறாங்க, டிவில பெரிய ஆளுங்களே பேசறாங்களே" என்கிறான். கணவரும், "அவன் சொல்றதுல உண்மை இல்லாமலா இருக்கு?" என்கிறார். தேனிப் பக்கத்திலிருந்து பல வருஷங்களுக்கு முன் பிழைக்க வந்த என் மாமனார் எதுவும் பேசுவதில்லை. மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது ஒரு விதத்தில் சரி. பேப்பரில் அப்படித்தான் போடுகிறார்கள். தினமும் கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் அவன் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். அதனால் திட்டுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். திட்டினால் அந்த வார்த்தையை உங்கள் முன்னால் சொல்லாமல் விடுவான், நண்பர்களிடம் சொல்லுவான். அவன் நம்புகிற அந்தப் பேப்பரையே எடுத்து வைத்துக்கொண்டு அவனோடு உட்காருங்கள்.

ஒரு செல்போன் பறிப்பு வழக்கு என்று வையுங்கள். போலீஸ் தரும் செய்திக்குறிப்பில் பிடிபட்டவரின் பெயர், வயது, அப்பா பெயர், சொந்த ஊர் எல்லாம் இருக்கும். ஆள் சேலத்துக்காரர் என்றால் தலைப்பு பெரும்பாலும் "செல்போன் பறித்தவர் கைது" என்று வரும். பீகார்க்காரர் என்றால் "செல்போன் பறித்த வடமாநில வாலிபர் கைது" என்று ஆகிவிடும். இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் தலைப்பை மட்டும் மேய்ந்துவிட்டுப் போகிற வாசகர் மனதில், சேலத்துக்காரர் செய்த திருட்டு ஒரு ஆளின் கணக்கில் போகிறது, பீகார்க்காரர் செய்தது ஒரு கூட்டத்தின் கணக்கில் போகிறது. சேலத்தில் இருக்கும் எந்த அம்மாவும் அந்தச் செய்தியைப் படித்துத் தலைகுனிய வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்த நிம்மதி இல்லை. இதே மாதிரி, உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் மாட்டினால் "மூவர் கைது", வெளியூர்க்காரர்கள் என்றால் "கும்பல் சிக்கியது" என்று எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு இதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை. ராத்திரி பக்கம் முடிக்கும் அவசரத்தில், பழகிய வார்த்தை கைக்கு முதலில் வந்துவிடுகிறது. பழக்கம் என்பதால் அதன் கேடு குறைந்துவிடாது.

ஒரு வாரத்துப் பேப்பரைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். குற்றச் செய்திகளின் தலைப்புகளில் எங்கெல்லாம் ஆளின் மாநிலம் வருகிறது, எங்கெல்லாம் வரவில்லை என்று அவனே பேனாவால் வட்டம் போடட்டும். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். அப்புறம் அதே கண்ணோடு டிவி பார்க்கட்டும், தொழிற்சாலையில் தீ விபத்து, கட்டடம் இடிந்தது என்ற செய்திகளையும் பார்க்கட்டும். இறந்தவர் வெளிமாநிலத் தொழிலாளி என்றால் பெரும்பாலும் பெயர்கூட வராது, "வடமாநிலத் தொழிலாளர்கள் 3 பேர் பலி" என்பதோடு முடிந்துவிடும்.

"வடமாநிலம்" என்ற அந்த ஒரே மூட்டைக்குள் யார் யாரைப் போட்டுக் கட்டுகிறோம் என்பதையும் அவன் யோசிக்கட்டும். ஒடிசா இருப்பது கிழக்கே, வங்காள விரிகுடாக் கரையில். அசாம் வடகிழக்கின் மூலையில். ஒடியா பேசுகிறவரையும் வங்காளி பேசுகிறவரையும் சேர்த்து நாம் "இந்திக்காரன்" என்று சொல்லிவிடுகிறோம். டெல்லியில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரையும் "மதராசி" என்று கூப்பிட்டபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது!

உங்கள் ஊரிலேயே 2023-ல் நடந்ததை அவன் மறந்திருக்க மாட்டான். அந்த ஜனவரியில், வெளிமாநிலத் தொழிலாளர்கள் சிலர் தமிழர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ பரவியது. தமிழ்நாடு முழுக்க "தமிழர்களை விரட்டி அடிக்கும் வடமாநிலத்தவர்" என்ற வாசகத்தோடு அது சுற்றியது. சிகரெட் புகையை ஒட்டிச் சிலருக்குள் எழுந்த தகராறு அது என்று திருப்பூர் போலீஸ் விளக்கம் சொன்னது. விளக்கம் வீடியோ போன தூரத்துக்குப் போகவில்லை. இரண்டே மாதத்தில், மார்ச் தொடக்கத்தில், கதை தலைகீழாக மாறியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித்தேடிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் கிளம்பின. வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த வன்முறைக் காட்சிகளை எடுத்து, மேலே புது வாசகம் ஒட்டியிருந்தார்கள். பீகார் சட்டசபையில் அமளி நடந்தது, அங்கிருந்து அதிகாரிகள் குழு கிளம்பித் தமிழ்நாட்டுக்கு வந்தது, தமிழ்நாட்டுப் போலீஸ் வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறிவிட்டார்கள். தொழிலாளிகளைத் திரும்பக் கூப்பிட முதலாளிகள் பட்ட பாடு உங்கள் கணவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஜனவரியில் இங்கே நம்மவர்கள் பயந்தார்கள், மார்ச்சில் அங்கே அவர்களுடைய அம்மா அப்பா பயந்தார்கள். இரண்டு பயத்தையும் உண்டாக்கியது ஒரே மாதிரி வேலைதான்: நாலு பேர் செய்ததை "அவர்கள்" செய்ததாக எழுதுவது. இனி எந்த வீடியோ வந்தாலும், இது எந்தத் தேதி, எந்த ஊர், யார் எடுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தவருக்கு அனுப்புவேன் என்று மகனிடம் ஒரு வாக்கு வாங்குங்கள்.

அரசியல் மேடை இன்னும் ஒரு படி மேலே போகும். வேலை தேடி வருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது "குவிகிறார்கள்", "படையெடுக்கிறார்கள்", "ஊடுருவுகிறார்கள்" என்பார்கள். படையெடுப்பு என்று சொன்ன பிறகு, எதிரில் நிற்பவர் கையில் தையல் மெஷின் எண்ணெய்க் கறையோடு நிற்கும் டைலர் என்பது யார் நினைவுக்கும் வராது. "வந்தேறி" என்ற வார்த்தையும் இப்படித்தான்.

இதை நான் தமிழர்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி வார்த்தைகள் நம் மேலேயே விழுந்திருக்கின்றன. 1960-களில் மும்பையில் "மார்மிக்" என்ற மராத்தி வார இதழ், கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. வெறும் பெயர்கள்தான். பட்டியலுக்கு முதலில் "படியுங்கள், சும்மா இருங்கள்" என்ற பொருளில் தலைப்பு, பிறகு "படியுங்கள், எழுந்திருங்கள்" என்று மாறியது. அந்தப் பத்திரிகையிலிருந்துதான் 1966-ல் சிவசேனா பிறந்தது. வேட்டி கட்டிய நம் ஆட்களை "லுங்கிக்காரர்கள்" என்று கேலி செய்து முழக்கம் போட்டார்கள், உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. அன்றைக்கும் அங்கே ஒரு பையன், "பத்திரிகையிலேயே அப்படித்தானே போடறாங்க" என்று தன் அம்மாவிடம் சொல்லியிருப்பான்.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கொடுமை. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழர்களையும் "கள்ளத்தோணி" என்றார்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு இவ்வளவு பேர், இலங்கைக்கு இவ்வளவு பேர் என்று பிரித்தார்கள். இந்தியாவின் பங்கு 5 லட்சத்து 25 ஆயிரம். அப்படி வந்து நீலகிரியில் குடியேறியவர்களை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? "சிலோன்காரங்க". அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். உங்கள் மகனுக்கு இந்த ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் எந்த அளவுக்கு வருகிறதோ தெரியாது என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது உங்கள் மாமனார். அவருடைய மௌனத்துக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரை, தேனி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஆட்கள் வந்து வளர்ந்த ஊர் திருப்பூர். அந்த நாளில் வந்தவர்களுக்கு "தெக்கத்திக்காரங்க" என்று பெயர். தெக்கத்திக்காரங்களுக்கு வீடு இல்லை, அவங்க வந்த பிறகு ஊர் கெட்டுப்போச்சு என்ற பேச்சும் இருந்தது. பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தாத்தா, நீங்க வந்த புதுசுல உங்களை என்ன சொன்னாங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அவர் சொல்லும் நாலு வார்த்தை அவனுக்குள் இறங்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. "வந்தாரை வாழவைக்கும் தமிழகம்" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். கேரள அரசு ஒரு படி போய் "விருந்தினர் தொழிலாளர்கள்" என்றே பெயர் வைத்தது. நல்ல எண்ணம்தான், வசவைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவரை நாம் வாழவைக்கிறோம் என்று சொல்ல முடியுமா? விருந்தாளி என்றால் எப்போது கிளம்புவார் என்ற கேள்வியும் கூடவே வரும். நாட்டின் எந்தப் பகுதியிலும் போய்க் குடியிருக்க அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு குடிமக்கள் எல்லாருக்கும் உரிமை தருகிறது. மகனுக்கு இரக்கத்தைச் சொல்லித் தருவதைவிட இந்த உரிமையைச் சொல்லித் தருவது நல்லது.

சரி, உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன். அவன் சொல்வதில் உண்மை இல்லையா? பையனுடைய பயத்தில் உண்மை இருக்கிறது. படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, கிடைத்தாலும் குடும்பம் நடத்தக் கூலி வருமா என்ற பயம் நியாயமானது. அதைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் "வடக்கன் வேலையைப் பறிக்கிறான்" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வேலையை யாரும் தானே எடுத்துக்கொள்ள முடியாது, ஒருவர் கொடுக்க வேண்டும். கூலியை யாரோ நிர்ணயிக்கிறார்கள். ஏஜெண்ட் யாரோ ஆள் பிடித்து வருகிறார். தங்க இடம் கம்பெனிக்குள்ளேயே கொடுத்தால் எந்நேரமும் வேலை வாங்கலாம் என்று யாரோ கணக்குப் போடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் இவர்கள் ஒருவர்கூட இல்லை. மிச்சம் இருப்பது வேலை செய்கிற ஆள் மட்டும், பழி முழுக்க அவர் தலையில். ஏஜெண்ட் மூலம் வருகிற வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அது ஒழுங்காக அமலாகியிருந்தால், குறைந்த கூலிக்காக ஒருவரை விட்டு இன்னொருவரை வைக்கும் லாபமே இருந்திருக்காது. கோபப்பட வேண்டும் என்றால் உங்கள் மகன் அந்த இடத்தில் கோபப்படட்டும். பேப்பரில் அது தலைப்பாக வருவது அபூர்வம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நீங்களே போங்கள், நாளைக்கே போங்கள். மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். வற்புறுத்திக் கேட்கிற மன்னிப்பில் அவனுக்கு அவமானம்தான் மிஞ்சும், அந்த அவமானம் நாளைக்கு அவர்கள் மேலேயே திரும்பும். "என் பையன் பேசினது தப்பு, எனக்கு வருத்தமா இருக்கு" என்று நேராகச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் போதாவிட்டால் குழந்தையே சொல்லட்டும். வசவை அம்மாவிடம் கொண்டுபோனவள் இதையும் கொண்டுபோகட்டும். அப்படியே அவர் பெயரைக் கேளுங்கள், எந்த மாவட்டம், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் "ஒடிசா குடும்பம்", "அந்தப் பெண்" என்றுதான் இருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் இருந்தும் பேச்சு வைத்துக்கொள்ள நேரம் இல்லாத வேலை உங்களுடையது என்று எனக்குத் தெரியும். இனி உங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மகன் காதில் அது விழட்டும்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேட்க வேண்டும். அவருடைய யூனிட்டில் அந்த இரண்டு டைலர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே பீஸ் ரேட்தானா, அதாவது ஒரு பீஸ் தைக்க ஒரே கூலிதானா? ஒரே ரேட் என்றால், வாரச் சம்பளக் கணக்கைப் போடும் வேலையை ஒரு சனிக்கிழமை மகனிடம் கொடுக்கட்டும். கூலியை முடிவு செய்வது யார் என்று அவன் தன் அப்பா எதிரிலேயே தெரிந்துகொள்வான். வேறு வேறு ரேட் என்றால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் நோட்டை அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.