அப்பாவோட மாத்திரை

ஐயா,
கோயம்பேட்டுல சாக்கடைத் தண்ணிய ஆர்ஓ பண்ணி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு அனுப்புறாங்களே, அதுல மருந்து மாத்திரை கெமிக்கல்லாம் போயிடுமா? ஏரியில விட்டா குடிக்கலாமா? மைக்ரோகிராமுக்கெல்லாம் பயப்படுறியேன்னு நண்பர்கள் கிண்டல் பண்றாங்க.
– ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பி,

கிண்டலை விடுங்க. "போயிடுமா"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம். எங்க போகும்? அந்த பிளான்ட் 2019ல வந்தது, நாளைக்கு 4.5 கோடி லிட்டர், ஆர்ஓ சவ்வு பெரும்பாலான மருந்தை நல்லாவே தடுத்துடும், ஆனா தடுக்குறது வேற அழிக்கிறது வேற, இந்தப் பக்கம் சுத்தத் தண்ணி வந்தா அந்தப் பக்கம் ரிஜெக்ட்ல, அதாவது சவ்வு ஒதுக்கித் தள்ளுற கழிவுத் தண்ணியில, அதே மருந்து இன்னும் கெட்டியா நிக்கும். ரிஜெக்ட்ட பத்தி ஒருத்தராவது கேக்குறீங்களா? வீட்டு ஆர்ஓவுல சின்ன டியூப்ல வருதே, அதை எங்க விடுறீங்க?

எங்கப்பாவுக்கு வலிப்பு. வருஷக்கணக்கா கார்பமாசெபின். அவர் காரியம் முடிஞ்ச மறுநாள் அலமாரிய ஒழிச்சா அட்டை அட்டையா மிச்சம், அம்மா கண்ணுல படக்கூடாதுன்னு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சு டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன், சுத்திகரிப்புத் தொட்டியில இருக்குற பாக்டீரியா பாராசிட்டமாலைத் தின்னுடும், கார்பமாசெபினைக் கிட்டத்தட்ட தொடவே தொடாது, உள்ள போன மாதிரியே வெளிய வரும். பிளான்ட்டைத் திட்டிப் பிரயோஜனமில்ல, மலமும் சோப்பும் சோத்துத் தண்ணியும் தின்னத்தான் அந்தக் கிருமிய வளக்குறோம். அன்னைக்குப் படிச்சிட்டு அழுதேன், அப்பாவுக்காகவா ஆத்துக்காகவான்னு இன்னும் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

சுவிட்சர்லாந்துல டூபென்டார்ஃப்னு ஒரு ஊரு, 2014ல மருந்தை அழிக்கவே சாக்கடைத் தண்ணிக்குள்ள ஓசோன் வாயுவை விட ஆரம்பிச்சாங்க. ஓசோன் மூலக்கூறை உடைக்கும், உடைஞ்ச துண்டும் சும்மா இருக்காதுன்னுதான் பின்னாடியே மணல் வடிகட்டி. உப்புத்தண்ணி கலக்குற கடலோர ஊர்ல புரோமைடு இருந்தா ஓசோன் அதை புரோமேட்டா மாத்திடும், அது கேன்சர் சமாச்சாரம், அதனால நமக்கு அப்படியே காப்பியடிக்க முடியாது. இன்னொரு வழி ஆக்டிவேட்டட் கார்பன். கரி மருந்தைப் பிடிச்சுக்கும், அப்புறம் அந்தக் கரிய உலையில போட்டா மருந்து எரிஞ்சுபோகும், கரி திரும்ப வேலைக்கு வரும். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா இதுல மட்டும்தான் "எங்க போச்சு"க்கு நேரா பதில் இருக்கு. நம்ம கொட்டாங்குச்சியில செய்யிற கரி கப்பல்ல வெளிநாடு போகுது தம்பி! சுவிட்சர்லாந்துல 2016லேர்ந்து இதுக்காகவே தலைக்கு வருஷம் 9 ஃபிராங்க் வரைக்கும் வசூல் பண்றாங்க, குடுக்குறாங்க. இங்க குழாயில தண்ணி வந்தா போதும், போற தண்ணிக்கு யாரும் காசு குடுக்க மாட்டோம்.

ஏரி விஷயம் கேட்டீங்கல்ல. சிங்கப்பூர்ல 2003லேர்ந்து ஆர்ஓ பண்ணி யூவி (புற ஊதா) வெளிச்சமும் காட்டின தண்ணியக் கொஞ்சம் நீர்த்தேக்கத்துல கலந்துதான் குடிக்கிறாங்க. இங்கயும் ரிஜெக்ட்டுக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்படி விடட்டும், முதல் டம்ளர் நான் குடிக்கிறேன்.